கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர என்பிஏ, நாக் பார்க்க வேண்டுமா? பெற்றோரும் மாணவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து கவுன்சலிங் முடியும்வரை என் போன் ஓய்வதில்லை. தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில், கம்ப்யூட்டர் சயின்ஸ் துறையில் 14 வருடமாகப் பாடம் எடுக்கிறேன். ஊர்க்காரர்கள், கூடப் படித்தவர்கள், பால்காரரின் மைத்துனர் என்று யார் கூப்பிட்டாலும் பேச்சு ஓரிடத்தில்தான் வந்து நிற்கும்: "அந்தக் காலேஜுக்கு என்பிஏ இருக்காமே மேடம், அப்ப சேர்த்துடலாமா?" என்பிஏ என்றால் படிப்புகளின் தரம் பார்த்துச் சான்று கொடுக்கும் தேசிய அங்கீகார வாரியம். அந்தக் கேள்விக்கு ஒற்றை வார்த்தையில் பதில் சொல்ல எனக்கு மனசு வராது. ஒரு பிள்ளையின் நான்கு வருடம் அது. அதனால் திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். பெரும்பாலும் தமிழ்நாடு பொறியியல் கவுன்சலிங் வழியாகச் சேரப்போகிறவர்களை நினைத்து எழுதியது, பி.எஸ்சி., பிசிஏ பற்றியும் நடுவில் வரும்.

ஏஐசிடிஇ, அண்ணா யுனிவர்சிட்டி, நாக், என்பிஏ என்று நாலு பெயர் சொல்கிறார்கள். எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. முதல் இரண்டும் கட்டாயம். பின்னிரண்டும் தரம் பார்ப்பவை.

இந்தப் படிப்பை நடத்தலாம், இத்தனை சீட் வைத்துக்கொள்ளலாம் என்று 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில் கொடுக்கும் அனுமதிதான் ஏஐசிடிஇ ஒப்புதல். அண்ணா பல்கலைக்கழக இணைப்பு இருந்தால் பட்டம் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும். அட்டானமஸ் கல்லூரி என்றால் பாடத்திட்டமும் தேர்வும் கல்லூரியின் கையில். பட்டம் அப்போதும் அண்ணா பல்கலைக்கழகத்துடையதுதான்.

நாக், என்பிஏ இரண்டும் 1994இல் தொடங்கியவை. நாக் என்ற தேசிய மதிப்பீடு மற்றும் அங்கீகாரக் கவுன்சில் முழுக் கல்லூரிக்கும் சேர்த்து ஒரு கிரேடு போடும். என்பிஏ ஒவ்வொரு படிப்பையும் தனித்தனியாகப் பார்த்துச் சான்று கொடுக்கும். பஸ்ஸுக்கு பர்மிட் இருந்தால் ரோட்டில் ஓடலாம். பிரேக் எப்படி, டயர் எப்படி என்று யாராவது குனிந்து பார்த்தால்தான் தெரியும். என்பிஏ செய்வது அந்தக் குனிந்து பார்க்கிற வேலை.

என்பிஏ இல்லாத சிஎஸ்இ-யில் (கம்ப்யூட்டர் சயின்ஸ்) படித்தால் டிகிரி செல்லாமல் போய்விடுமா?

தாராளமாகச் செல்லும். டிஎன்பிஎஸ்சி, வங்கித் தேர்வு, கேட் நுழைவுத்தேர்வு, எம்.இ. எதுவானாலும் அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகத்தின் பட்டம் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். வங்கியில் கல்விக் கடன் கேட்டுப் போனாலும் முதலில் பார்ப்பது ஏஐசிடிஇ, யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) போன்ற அமைப்புகளின் ஒப்புதலைத்தான்.

அந்த ஒப்புதல் இல்லாத இடத்தில் மட்டும் எந்தச் சமாதானத்தையும் கேட்காதீர்கள். "அட்மிஷன் போட்டுக்குங்க, அப்ரூவல் அடுத்த வாரம் வந்துடும்" என்று சொன்னால் அப்படியே எழுந்து வந்துவிடுங்கள். யூஜிசி போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை வெளியிட்டு வருகிறது. பெயரில் யுனிவர்சிட்டி என்று இருப்பதாலேயே ஓர் இடம் யுனிவர்சிட்டி ஆகிவிடாது. ஐஐடிகளின் கதை வேறு. அவை 1961ஆம் ஆண்டின் தனிச் சட்டத்தின்கீழ் நடப்பவை. ஏஐசிடிஇ ஒப்புதல் அவற்றுக்குத் தேவையில்லை.

சிஎஸ்இ-க்கு என்பிஏ இருக்கிறது. அதே காலேஜில் ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ் சேர்ந்தால் அதுவும் சேர்த்திதானே?

சேர்த்தி இல்லை. பெரும்பாலான குடும்பங்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். பிராஸ்பெக்டஸில் "என்பிஏ அங்கீகாரம் பெற்ற கல்லூரி" என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். கல்லூரிக்கு என்பிஏ என்று ஒன்று கிடையவே கிடையாது. பி.இ. சிஎஸ்இ-க்குக் கிடைத்தது பி.டெக். ஐடிக்கு ஆகாது. ஐடிக்குக் கிடைத்தது ஏஐ டேட்டா சயின்ஸுக்கு ஆகாது. மெக்கானிக்கலுக்கும் சிவிலுக்கும் மட்டும் சான்று வாங்கிவைத்துக்கொண்டு, அதே பேனரைக் காட்டி சிஎஸ்இ சீட்டை நிரப்புகிற இடங்களும் உண்டு.

புதுப் படிப்புகளின் பக்கம் ஒரு நியாயமும் இருக்கிறது. என்பிஏவுக்கு விண்ணப்பிக்க குறைந்தது 2 பேட்ச் மாணவர்கள் படித்து முடித்து வெளியே போயிருக்க வேண்டும். ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ் பல கல்லூரிகளில் 2020இல்தான் தொடங்கியது. முதல் பேட்ச் முடித்தது 2024இல், இரண்டாவது 2025இல். அதற்குப் பிறகு சைபர் செக்யூரிட்டி, ஏஐஎம்எல் (ஏஐ, மெஷின் லேர்னிங்) என்று ஆரம்பித்தவர்களில் பலருக்கு இன்னும் காலமே ஆகவில்லை. ஆகவே இந்தப் படிப்புகளுக்கு என்பிஏ இல்லை என்பதை மட்டும் வைத்து அவற்றை ஒதுக்கிவிட வேண்டாம். அதே கல்லூரியின் பழைய சிஎஸ்இ துறைக்கு இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அதே ஆசிரியர்கள்தான் இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டிருப்பார்கள்.

சான்றிதழில் தேதி போட்டிருக்கிறதே, அதை எப்படிப் பார்க்க வேண்டும்?

என்பிஏ 3 ஆண்டுக்கோ 6 ஆண்டுக்கோ கொடுக்கப்படும். பட்டியலில் ஜூன் 30, இன்ன ஆண்டு வரை என்று இருக்கும். நீங்கள் சேரும் ஆண்டைவிட, படித்து முடித்து வெளியே வரும் ஆண்டில் அது உயிரோடு இருக்கிறதா என்பதுதான் கணக்கு. 2026இல் சேருகிற பிள்ளை 2030இல் வெளியே வரும். 2027இல் முடிகிற சான்று அந்தப் பிள்ளைக்கு நேரடியாக உதவாது. கல்லூரி மறுபடி விண்ணப்பித்து வாங்கினால்தான் உண்டு.

அதனால் இன்றைய தேதியோடு பழைய வரலாற்றையும் பாருங்கள். 3 ஆண்டு, அது முடிந்ததும் மறுபடி 3 ஆண்டு, பிறகு 6 ஆண்டு என்று விடாமல் வாங்கிவரும் துறையை நான் நம்புவேன். ஒருமுறை வாங்கி, அடுத்த 5 வருடம் ஒன்றும் இல்லாமல், அந்தப் பழைய சான்றிதழை மட்டும் ரிசப்ஷனில் ஃபிரேம் போட்டு வைத்திருந்தால் யோசிக்க வேண்டும்.

என்பிஏ குழு வந்து என்னதான் பார்க்கிறது?

வெள்ளி, சனி, ஞாயிறு என்று 3 நாள் வருவார்கள். அதற்கு முன்பே கல்லூரி தன்னைப் பற்றிய அறிக்கையைக் கொடுத்திருக்கும். மொத்தம் 1000 மதிப்பெண். பல ஆண்டுகள் புழக்கத்தில் இருந்த படிவத்தில் இணைப்புக் கல்லூரிகளுக்கு ஆசிரியர் பகுதிக்கு 200, மாணவர் தேர்ச்சிக்கு 150, லேப் வசதிக்கு 80. 600 தாண்டினால் 3 ஆண்டு, 750 தாண்டினால் 6 ஆண்டு. கூடவே பிஎச்டி முடித்த ஆசிரியர்கள் இத்தனை பேர், 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர், மிஞ்சினால் 25 என்பது போன்ற நிபந்தனைகளும் உண்டு.

அந்த வாரத்துக்கு முந்தைய மாதம் எங்கள் துறை எப்படி இருக்கும் தெரியுமா? மேஜை, நாற்காலி, ஜன்னல் திட்டு எங்கும் ஸ்பைரல் பைண்டிங் ஃபைல்கள். ஜெராக்ஸ் மிஷினின் சூட்டு வாடை. ஒவ்வொரு பாடத்துக்கும் மாணவர்கள் என்ன கற்றிருக்க வேண்டும் என்று எழுதி, ஒவ்வொரு கேள்வித்தாளின் ஒவ்வொரு கேள்வியையும் அதோடு பொருத்தி, எத்தனை சதவீதம் பேர் எட்டினார்கள் என்று எக்செலில் போட்டு, 3-க்கு 2.1, 3-க்கு 2.4 என்று கணக்கு வர வேண்டும். ராத்திரி ஒரு மணிக்கு அந்தக் கட்டங்களை நிரப்பிக்கொண்டு, மறுநாள் காலை முதல் பீரியடுக்குத் தயாராகாமல் வகுப்புக்குள் நுழைந்த நாள்கள் எனக்கு உண்டு. அந்த மாணவர்களுக்கு அன்று நான் செய்தது சரியில்லை என்ற உறுத்தல் இன்னும் இருக்கிறது.

அதே ஆய்வில்தான் இன்னொன்றையும் பார்த்தேன். வந்திருந்த மதிப்பீட்டாளர் ஒருவர் ஃபைல்களை ஓரமாக வைத்துவிட்டு நேரே புராஜெக்ட் லேபுக்குப் போனார். ஃபைனல் இயர் மாணவி ஒருத்தி தன் புராஜெக்டை ஓட்டிக்காட்டினாள். கிராமக் கூட்டுறவுச் சங்கத்துக்கான ஒரு வெப்சைட். லாகின் பக்கம் வந்ததும் அவர் கேட்டார்: "பாஸ்வேர்டை டேட்டாபேஸ்ல எப்படிம்மா வச்சிருக்க?" அவள் டேபிளைத் திறந்தாள். பெயருக்குப் பக்கத்தில் எல்லாருடைய பாஸ்வேர்டும் அப்படியே எழுத்து எழுத்தாக இருந்தது. "இந்த டேபிள் யார் கையிலயாவது போச்சுன்னா?" அவள் என்னைப் பார்த்தாள். எனக்கு முகம் சுட்டது, கைடு நான்தான். அவர் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பாஸ்வேர்டைப் படிக்க முடியாதபடி மாற்றி வைக்கும் ஹேஷிங் என்றால் என்ன, அதோடு சால்ட் என்ற கூடுதல் எழுத்துகளை எதற்குச் சேர்க்கிறோம் என்று இருபது நிமிடம் அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தார். அந்த வருடத்திலிருந்து எங்கள் துறையில் எந்த புராஜெக்டும் பாஸ்வேர்டை அப்படியே வைத்துக்கொண்டு கடைசி ரிவ்யூவைத் தாண்டுவதில்லை. வெளியாள் ஒருவர் வந்து பார்த்ததால் வந்த மாற்றம் அது. நாங்களாகச் செய்திருப்போமா என்றால், நேர்மையாகச் சொல்கிறேன், தெரியாது.

நாக் ஏ++ என்று காலேஜ் பஸ்ஸில் எழுதியிருக்கிறார்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் நன்றாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாமா?

பஸ்ஸில் இருக்கும் அந்த கிரேடு, நாக் 4-க்கு இத்தனை என்று மதிப்பிட்டுப் போட்டது. 3.51 முதல் ஏ++, 3.26 முதல் ஏ+, 3.01 முதல் ஏ. அதற்குக் கீழே பி++ என்று இறங்கும். பொதுவாக 5 ஆண்டு செல்லும். நிர்வாகம், நூலகம், ஆராய்ச்சி, விளையாட்டு, சுற்றுச்சூழல் எல்லாம் இதில் சேரும். கல்லூரி ஒழுங்காக நடத்தப்படுகிறதா என்பதற்கு அது ஓரளவு அடையாளம். மூன்றாம் ஆண்டில் கம்பைலர் டிசைன் நடத்த ஆள் இருக்கிறாரா என்பதை அது சொல்லாது.

இதெல்லாம் காசு கொடுத்து வாங்குவதுதானே மேடம்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. நடந்தவை அப்படி. 2025 பிப்ரவரியில், ஆந்திராவில் ஒரு கல்வி நிறுவனத்துக்கு நல்ல கிரேடு போட லஞ்சம் வாங்கிய புகாரில் நாக் ஆய்வுக் குழுவில் போனவர்களையே சிபிஐ கைது செய்தது. அதற்கு முன், 2024 ஜூலையில், அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளின் ஆசிரியர் பட்டியலை ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் ஒப்பிட்டுப் பார்த்து, 353 பேரின் பெயர் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் இருப்பதை வெளியே கொண்டுவந்தது. ஒருவர் 11 கல்லூரிகளில் வேலை பார்ப்பதாகப் பட்டியல் சொன்னது. இரண்டாவது விவகாரம் பல்கலைக்கழக இணைப்புக்கான ஆய்வு சம்பந்தப்பட்டது. என்பிஏவோ நாக்கோ இல்லை. ஆனால் ஆசிரியர் கணக்கு என்பது எல்லா ஆய்வுக்கும் முதுகெலும்பு. அதுவே பொய்யென்றால் மேலே கட்டியது எதுவும் நிற்காது.

அதற்காக எல்லாச் சான்றும் குப்பை என்று சொல்ல என்னால் முடியாது. ராத்திரி பகலாக உழைத்து, உண்மையாகவே ஆசிரியர்களை வேலைக்கு எடுத்து, லேபைச் சரிசெய்து வாங்கிய துறைகளை எனக்குத் தெரியும். சான்று இருந்தால் அதை நம்பிவிட்டு உட்காராதீர்கள். நேரில் போய்ச் சரிபாருங்கள். சான்றே இல்லாத 20 வருடப் பழைய சிஎஸ்இ துறை என்றால், ஏன் இத்தனை வருடமாக விண்ணப்பிக்கவில்லை என்று நேருக்கு நேர் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு ஹெச்ஓடி சொல்லும் பதிலிலேயே பாதி தெரிந்துவிடும்.

சீட் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறதே. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

நிறைய உண்டு. இதை யாரும் கேட்பதே இல்லை, கேட்க வேண்டும். ஒரு பாடப்பிரிவுக்கு 240 சீட் என்று இருந்த உச்சவரம்பை நல்ல நிலையில் உள்ள கல்லூரிகளுக்கு 2024–25 முதல் ஏஐசிடிஇ எடுத்துவிட்டது. மற்ற பிரிவுகளைக் குறைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் சயின்ஸை 300, அதற்கு மேல் என்று பல கல்லூரிகள் ஏற்றிவிட்டன.

ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். 120 சீட் இருந்தபோது இரண்டாம், மூன்றாம், நான்காம் ஆண்டு சேர்த்து 360 மாணவர். 20-க்கு ஒருவர் என்றால் 18 ஆசிரியர். 300 சீட் ஆனதும் 900 மாணவர், 45 ஆசிரியர் வேண்டும். 18 பேர் இருந்தபோது வாங்கிய சான்று இன்னும் சுவரில் தொங்கும். 45 பேர் வந்துவிட்டார்களா என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டியது. நல்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆசிரியர் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். எம்.இ. முடித்த கெட்டிக்காரப் பையனுக்கு ஐடி கம்பெனி கொடுப்பதில் பாதிகூடப் பல கல்லூரிகள் கொடுப்பதில்லை.

கம்பெனிக்காரர்கள் என்பிஏ பார்ப்பார்களா?

இன்டர்வியூ மேஜையில் யாரும் கேட்க மாட்டார்கள். பெரிய ஐடி சர்வீஸ் கம்பெனிகள் பத்தாவது, பிளஸ் டூ, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம், நிலுவையில் அரியர் இல்லை என்ற வடிகட்டியைத்தான் பெரும்பாலும் வைக்கின்றன. அதற்குப் பிறகு அவர்களுடைய ஆன்லைன் தேர்வு, கோடிங் சுற்று. ஜோஹோ சுமார் 20 ஆண்டுகளாகத் தன் சொந்தப் பள்ளியில் பிளஸ் டூ, டிப்ளமா முடித்தவர்களைப் பயிற்சி கொடுத்து வேலைக்கு எடுத்துவருகிறது. அவர்களுக்கு டிகிரியே தேவைப்படவில்லை.

எந்த கேம்பஸுக்கு வருவது என்று முடிவெடுக்கிற கட்டத்தில் மட்டும் கொஞ்சம் பார்ப்பார்கள். கம்பெனிகள் அனுப்பும் படிவத்தில் நாக் கிரேடு, என்பிஏ நிலை, என்ஐஆர்எஃப் என்ற தரவரிசையில் இடம் ஆகியவற்றுக்கும் கட்டம் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

சிவில் இன்ஜினியர் கட்டும் பாலம் விழுந்தால் உயிர் போகும். அதனால் பல நாடுகளில் அவருக்கு லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸுக்கு அங்கீகாரம் பெற்ற படிப்பு வேண்டும். சாஃப்ட்வேர் எழுத அப்படி லைசென்ஸ் இல்லை. அமெரிக்காவில் படிப்புகளுக்கு அங்கீகாரம் கொடுக்கும் அமைப்பு ஏபெட். கம்ப்யூட்டர் சயின்ஸில் உலகமே அண்ணாந்து பார்க்கும் ஸ்டான்ஃபோர்டும் கார்னகி மெலனும் தங்கள் கணினி அறிவியல் பட்டத்துக்கு அந்தச் சான்றை வைத்துக்கொள்ளவில்லை. அவர்களுக்குத் தேவைப்படவில்லை. பெயர் தெரியாத கல்லூரிக்குத்தான் வெளியாளின் கையெழுத்து வேண்டியிருக்கிறது, நம் ஊரிலும் அதே நிலைதான்.

வெளிநாடு போவதாக இருந்தால்?

இங்கேதான் என்பிஏ வெறும் காகிதம் இல்லை என்பது புரியும்.

2018இல் குவைத்தில் நடந்ததைச் சொல்கிறேன். இன்ஜினியர் என்ற பதவிப் பெயரில் அங்கே வேலை பார்த்தவர்கள் விசாவைப் புதுப்பிக்க, குவைத் இன்ஜினியர்கள் சங்கத்தின் தடையின்மைச் சான்று வேண்டும் என்றார்கள். அதற்கு இந்தியர்கள் படித்த படிப்புக்கு என்பிஏ இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை வந்தது. பத்து, பதினைந்து வருடம் அனுபவம் உள்ளவர்கள்கூட, தாங்கள் படித்த காலத்தில் தங்கள் துறைக்கு என்பிஏ இல்லை என்ற ஒரே காரணத்தால் திண்டாடினார்கள். படித்தபோது அந்த மூன்றெழுத்தை அவர்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள்? வளைகுடாவில் இன்ஜினியர் என்ற பெயரில் வேலை பார்க்கும் எண்ணம் இருந்தால் என்பிஏ உள்ள படிப்பைத் தேடுங்கள். சொந்தக்காரர்கள் அங்கே இருக்கும் குடும்பங்களுக்கு இதை நான் தனியாகவே எடுத்துச் சொல்வது வழக்கம்.

வாஷிங்டன் ஒப்பந்தம் என்று ஒன்று இருக்கிறது. உறுப்பு நாடுகள் ஒன்றின் பொறியியல் அங்கீகாரத்தை மற்றது மதிக்கும். இந்தியாவுக்காக என்பிஏ அதில் 2014 ஜூன் 13 அன்று நிரந்தர உறுப்பினர் ஆனது. ஒரு நுணுக்கம் உண்டு: என்பிஏ டயர்-1, டயர்-2 (டயர் என்றால் இங்கே அடுக்கு) என்று இரண்டு வகையாகக் கொடுக்கிறது. பல்கலைக்கழகத் துறைகளுக்கும் அட்டானமஸ் கல்லூரிகளுக்கும் டயர்-1. மற்ற இணைப்புக் கல்லூரிகளுக்கு டயர்-2. வாஷிங்டன் ஒப்பந்தத்தின் பலன் டயர்-1-க்கு மட்டும்தான். "எங்க டிகிரி வாஷிங்டன் அக்கார்டு" என்று சொல்கிற கல்லூரியிடம் எந்த டயர் என்று கேட்டுவிடுங்கள்.

எம்.எஸ். படிக்க அமெரிக்கா போகிறவர்களுக்கு நான்கு வருட பி.இ. போதும், மதிப்பெண்ணும் புராஜெக்டும் பரிந்துரைக் கடிதமும்தான் அங்கே பேசும்.

பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ், பிசிஏ சேருபவர்கள் எதைப் பார்க்க வேண்டும்?

கலை அறிவியல் கல்லூரியில் பி.எஸ்சி. சேர்ந்தால் பார்க்க வேண்டியது நாக். மூன்று வருடப் பட்டத்தோடு அமெரிக்காவில் மேற்படிப்புக்கு முயன்றால் அது நேரடியாகக் கணக்கில் வரும். பட்டங்களை மதிப்பிடும் வெஸ் என்ற அமைப்பு, முதல் அல்லது இரண்டாம் வகுப்பில் தேறி, நாக்கில் ஏ அல்லது அதற்கு மேல் கிரேடு உள்ள கல்லூரியில் படித்திருந்தால் இந்திய மூன்று வருடப் பட்டத்தை அமெரிக்க இளங்கலைக்குச் சமமாக எடுத்துக்கொள்ளும் வழக்கத்தை வைத்திருக்கிறது. பி கிரேடு கல்லூரியில் 90 சதவீதம் வாங்கிய பிள்ளைக்கு அந்தக் கதவு திறக்காமல் போகலாம். பிசிஏ 2024–25 முதல் ஏஐசிடிஇ வரம்புக்குள் வந்திருக்கிறது. அந்த ஒப்புதல் கல்லூரியிடம் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

என்பிஏ இருந்தால் ஃபீஸ் கூடுமா?

கூடும், கொஞ்சம். 2017இல் கட்டண நிர்ணயக் குழு முடிவு செய்தபோது, கவுன்சலிங் சீட்டுக்கு என்பிஏ இல்லாத படிப்புக்கு 50,000 ரூபாய், உள்ள படிப்புக்கு 55,000 ரூபாய். மேனேஜ்மென்ட் கோட்டாவில் 85,000, 87,000. வித்தியாசம் அவ்வளவுதான். பஸ், ஹாஸ்டல், டிரெயினிங் ஃபீஸ் என்று தனியாக எழுதப்படும் சீட்டில்தான் உண்மையான சுமை இருக்கிறது. அதை முழுவதும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 7.5 சதவீத இடஒதுக்கீட்டில் வரும் அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கல்விக் கட்டணம், விடுதி, போக்குவரத்துச் செலவை அரசே ஏற்கிறது.

என்ஐஆர்எஃப் ரேங்க்கும் அங்கீகாரமா?

இல்லை, அது மத்திய அரசின் தரவரிசை. முதல் பட்டியல் 2016இல் வந்தது. ரேங்க்கைவிட எனக்குப் பிடித்தது அதன் பின்னால் இருக்கும் ஃபைல். பங்கேற்கும் ஒவ்வொரு கல்லூரியும் தான் கொடுத்த விவரத்தைத் தன் வெப்சைட்டில் போட்டாக வேண்டும். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் குறித்த காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, அவர்களின் நடுமட்டச் சம்பளம் எவ்வளவு என்று அதில் இருக்கும். "ஆண்டுக்கு 44 லட்சம் பேக்கேஜ்" என்ற ஃபிளெக்ஸில் சிரிப்பது ஒரு பையன். மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்பது அந்த ஃபைலில் இருக்கிறது. முழுக் கல்லூரிக்குமான கணக்குதான், துறைவாரியாக இருக்காது, இருந்தாலும் பாருங்கள்.

எங்கே போய்ச் சரிபார்ப்பது?

பிராஸ்பெக்டஸை மூடி வையுங்கள். என்பிஏவின் வெப்சைட்டில் மாநிலம், கல்லூரி வாரியாகத் தேடினால் எந்தப் படிப்புக்கு எந்தத் தேதிவரை, எந்த டயர் என்று வரும். நாக் தளத்தில் கிரேடும் காலமும் இருக்கும். ஏஐசிடிஇயில் அந்த ஆண்டுக்கான ஒப்புதல் கடிதமும் சீட் எண்ணிக்கையும். அண்ணா பல்கலைக்கழகம் ஒவ்வொரு செமஸ்டருக்கும் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை வெளியிடுகிறது. அட்டானமஸ் கல்லூரிகள் அதில் வராது. அவர்களே கேள்வித்தாள் எடுத்து அவர்களே திருத்துகிற 95 சதவீதத்தை மற்றதோடு ஒப்பிடவும் முடியாது. பெயரை வைத்துத் தேடாமல் நாலு இலக்க கவுன்சலிங் குறியீட்டு எண்ணை வைத்தே தேடுங்கள். ஒரே சாமி பெயரில், ஒரே நிறுவனர் பெயரில் மூன்று கல்லூரி இருக்கும்; ஒன்றுக்குத்தான் சான்று இருக்கும்.

கட்-ஆஃப் 150 பக்கம். என்பிஏ உள்ள காலேஜ் 60 கிலோமீட்டர், இல்லாதது பக்கத்தில். எது?

ஒரே விதி சொல்ல முடியாது, ஆனால் சென்ற வருடம் எங்கள் தெருப் பெண்ணோடு நான் போனதைச் சொல்கிறேன். அரசுப் பள்ளியில் படித்தவள், வீட்டில் முதல் பட்டதாரியாகப் போகிறவள். "அத்தை, நீங்களும் வாங்களேன்" என்று கூப்பிட்டாள். என்பிஏ இருந்த கல்லூரிக்கு முதலில் போனோம். பகல் பதினொரு மணி, வேலை நாள். லேப் பூட்டியிருந்தது. சாவி வாங்கித் திறந்தால் மானிட்டர்கள்மேல் பிளாஸ்டிக் உறை, உறைமேல் தூசி. ஒன்றைப் போடச் சொன்னேன். டர்போ சி என்ற பழைய புரோகிராமிங் சாஃப்ட்வேரின் நீலத் திரை வந்தது. நான் காலேஜில் படித்தபோது பார்த்த அதே திரை.

அடுத்தது பக்கத்துக் கல்லூரி. சான்று இல்லை, கட்டடமும் சுமார்தான். லேபில் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் இருந்தார்கள். ஒரு பையன் லிங்க்டு லிஸ்டில் எங்கேயோ பாயின்டரைத் தொலைத்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தான். ஆசிரியை அவன் பக்கத்தில் நின்று, விடையைச் சொல்லாமல், பேப்பரில் கட்டம் போட்டு அம்புக்குறி வரையச் சொல்லிக்கொண்டிருந்தார். வெளியே வந்து கேட்டுக்கு எதிரே டீக்கடையில் மூன்றாம் ஆண்டு மாணவிகளிடம் எங்கள் தெருப் பெண்ணையே பேசச் சொன்னேன். அவள் கேட்டது இரண்டு கேள்வி. "போன வருஷம் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் எடுத்தவங்க இன்னும் இருக்காங்களாக்கா? உங்க கிளாஸ்ல எத்தனை பேருக்கு அரியர் இருக்கு?" முதல் கேள்விக்கு மூன்று பேரும் ஒரே பெயரைச் சொன்னார்கள். லேபில் நின்றிருந்த அதே ஆசிரியை. இரண்டாவதுக்கு ஒருத்தி மற்றவளைப் பார்த்துவிட்டு, "பாதிப் பேருக்கு இருக்கு, மறைக்க என்ன" என்றாள்.

இரண்டு கல்லூரியும் இப்படி இருந்தால் என் முடிவு பக்கத்துக் கல்லூரிதான். நேரில் பார்த்து இரண்டும் சமமாகத் தோன்றினால் என்பிஏ உள்ளதை மேலே போடுங்கள். தினமும் 120 கிலோமீட்டர் பஸ்ஸில் போய்வருவதாக இருந்தால் மட்டும் இன்னொரு முறை யோசியுங்கள். அந்த நேரத்தில்தான் பிள்ளை உட்கார்ந்து புரோகிராம் எழுதிப் பழக வேண்டும். வளைகுடா எண்ணம் இருந்தால் நான் சொன்னது மாறும்.

கவுன்சலிங்கில் கல்லூரிப் பட்டியல் கொடுக்கும் சாய்ஸ் ஃபில்லிங்கில் எத்தனை வேண்டுமானாலும் போடலாம், வரிசைதான் முக்கியம். அவள் அன்று ராத்திரி எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து 32 கல்லூரிகளை வரிசைப்படுத்தினாள். பூட்டிய லேபை 19-ஆவதாகப் போட்டாள். முதல் நான்கில் மூன்றுக்கு என்பிஏ இருந்தது. அந்த மூன்றுக்கும் அடுத்த ஞாயிறுக்குள் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று அப்பாவிடம் பஸ் செலவுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தாள்.